அழுக்குப் பியானோ

முதல் கட்டையை அழுத்தியதுமே இஞ்ஞாசிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இதைச் சத்தம் என்று சொன்னால் சத்தக் குலத்துக்கே அவமானம். சாக்கடை அடைப்பை மூங்கில் பிளாச்சால் குத்திவிடும்போது அடியிலிருந்து ஓர் ஏப்பம் கிளம்புமே, அதற்குப் பியானோ என்று பெயர் சூட்டிக் கணினிக்குள் உட்கார வைத்தாயிற்று. உட்கார வைத்தவரும் அவரேதான். காலையில் இசையமைப்பாளர் விதுரன் செல்பேசியில் பேசி அனுப்பியது இன்னும் காதுக்குள் பிசுபிசுக்கிறது: “சார், உங்க பியானோ நல்லா குளிச்சு, பவுடர் போட்டுட்டு வந்து நிக்குது சார். எனக்கு அழுக்கா வேணும். சேத்துல உருண்ட எருமை எந்திரிச்சு உதறுற மாதிரி.” எருமையாம். எருமையை இவன் எங்கே பார்த்தான், பால் பாக்கெட்டின் மேல் படத்திலா? சரி, சோறு போடுகிறவன் கேட்கிறான். டிஸ்டார்ஷன் பெட்டியைத் திரையில் திறந்து அதன் திருகை மவுஸால் பிடித்துக் கொஞ்சம் ஏற்றினார். நல்ல துணியை வேலிமுள்ளில் போட்டு இழுத்த மாதிரி ஓரமெல்லாம் கிழிந்து தொங்கியது சுரம். இன்னும் கொஞ்சம். தோசைக்கல்லில் தீய்ந்த மாவைச் சுரண்டுகிற கரகரப்பு. இன்னும் கொஞ்சம். இப்போது சாக்கடை. ஹெட்போனின் தோல் உரிந்து கருப்புப் பொருக்குப் பொருக்காக வேர்வையோடு காது மடலில் ஒட்டுகிறது. தொட்டுப் பார்த்தால் செத்த எறும்பு மாதிரி விரலில் வருகிறது. சுவர் முழுக்க சத்தத்துக்காக ஒட்டிய முட்டை அட்டைகள், ஒரு கோழியும் நுழையாத இந்தச் சாலிக்கிராமத்துப் பின்னறையில் கோழிக்கூண்டு வாடை. ஆறிப்போன டீயில் ஆடை படிந்து, குடிக்கப் போனால் மீசையில் தொங்குகிறது. சீ. மீசையைப் புறங்கையால் துடைத்தார். புறங்கையும் பிசுபிசுத்தது.

டிஸ்டார்ஷன் போட்டால் பின்னாலேயே கம்ப்ரசர் போட வேண்டும், இல்லாவிட்டால் எருமை ஒரு சமயம் முட்டும், ஒரு சமயம் படுத்துவிடும். கம்ப்ரசர் என்பது ஒரு வாத்தியார். கத்துகிறவன் மண்டையில் ஒரு குட்டு, முனகுகிறவன் காலரைப் பிடித்து ஒரு தூக்கு, கடைசியில் வகுப்பு முழுக்க ஒரே உயரம். இந்த வாத்தியார் மேல் இஞ்ஞாசிக்கு ஆதி நாளிலிருந்து தனி பக்தி. கம்ப்ரசர் சத்தத்தை மட்டுமல்ல, தாளத்தையும் சேர்த்து இறுக்கிவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். இங்கே வாசிக்கும்போது விரல் சற்று முன்னே பின்னே போனாலும் மிக்ஸ் முடிந்து பாட்டாக வெளியே வரும்போது பிள்ளையார் எறும்பு வரிசை மாதிரி கச்சிதமாக இருக்கும். எத்தனை பாட்டில் பார்த்துவிட்டார். “கம்ப்ரசர் விட்டான்னா அப்படியே கவ்விக்கிடும்வே,” என்று டீக்கடையில் விரலை மடக்கிக் காட்டுவார். டீக்கடையில் அவர் சொல்கிறதில் பாதியைத்தான் நம்பலாம், அந்தப் பாதி எது என்று அவருக்கே தெரியாது. ஒலிப்பதிவு நடுவே மின்சாரம் போய் அரங்கமே இருண்டபோது அவர் கீபோர்டு மட்டும் மரியாதை காரணமாகத் தொடர்ந்து ஒலித்தது என்பார். இடது கையால் கீபோர்டு, வலது கையால் மெதுவடை, அன்றைக்குச் சட்னியும் சுருதி சேர்ந்தது என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் படகுப் பாட்டைப் பற்றிப் பேசும்போது சிரிக்க மாட்டார். அந்தப் பாட்டின் நடுவே, பாடகி மூச்சு வாங்குகிற இடத்தில், மழை ஓட்டின் மேல் ஓடுகிற மாதிரி பியானோ ஒரு ஓட்டம் ஓடும். பேருந்திலும் கல்யாண வீட்டிலும் அந்த இடம் வந்தால் பேச்சு நிற்கும். அது தன் விரல். ஊரெல்லாம் புளுகிக் கொண்டாடுகிற மனிதருக்கு அது ஒன்றுதான் புளுகில்லாத சங்கதி. மற்றப் புளுகெல்லாம் அந்த ஒரு நிஜத்தில் கட்டிப்போட்ட மாடுகள்.

கட்டையை அழுத்திப் பிடித்தார். இந்தப் பாட்டுக்குக் கீழ்க்கட்டைகளை அழுத்தினால் விடாமல் பிடிக்க வேண்டும், சுரம் தானாகச் சாகும் வரை. கம்ப்ரசரை ஏற்றினார். சாகப் போன சுரத்தை வாத்தியார் காலரைப் பிடித்துத் தூக்கினார், அதோடு சேர்ந்து அடியில் கிடந்த தூசி, இருட்டு, கோயில் காற்று எல்லாம் மேலே வந்தது. கோயில் காற்றுதான், ஏனென்றால் இது கடையில் வாங்கின பியானோ இல்லை. காசிமேட்டுப் பக்கம் ஒரு பழைய மாதா கோயிலின் மேல்மாடத்தில் எந்தக் காலத்துச் சாமியாரோ விட்டுப்போன பியானோ ஒன்று புறா எச்சத்தோடு கிடந்தது. இஞ்ஞாசியும், அவர் வாசித்து அனுப்புகிறதை வாங்கி மற்ற வாத்தியங்களோடு கலந்து மிக்ஸ் செய்கிற தணிகைவேலும் போய், ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, அது முழுசாகச் செத்த பிறகு அடுத்த கட்டை என்று பொழுது பூரா பதிவு செய்து, வெட்டி, வரிசையாகக் கணினிக்குள் அடுக்கினார்கள். இப்போது வீட்டுக் கீபோர்டில் எந்தக் கட்டையைத் தொட்டாலும் அந்தக் கோயில் கட்டை எழுந்து வந்து ஒலிக்கும். நல்ல காரியம்தான். ஆனால் இதென்ன? சுரத்தின் வால் நுனியில், தூசிக்கும் அடியில், சப், சப், சப். ஈரமான சத்தம். யாரோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்லுகிறார்கள். கையை எடுத்தார், நின்றது. அழுத்தினார், சப் சப். உடம்பு கூசியது. எலியா, இந்த அட்டைக்குப் பின்னால் எலி குடும்பம் நடத்துகிறதா? ஹெட்போனைக் கழற்றினார், மின்விசிறி மட்டும் டக் டக். மாட்டினார், சப் சப். அப்புறம் விரலைச் சப்புகிற ஒரு நீண்ட உறிஞ்சல். எலுமிச்சம் சோறு! பெண்டாட்டி லூர்து அன்றைக்குத் தூக்குச்சட்டியில் எலுமிச்சம் சோறு கொண்டுவந்தாள். ரிக்கார்டரை ஓடவிட்டுவிட்டு தணிகை பின் பெஞ்சில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தின்றிருக்கிறான். மைக் வைத்துப் பதிவு நடக்கிற இடத்தில் தின்கிறான், அதுவும் ஒலிப்பதிவு படித்த பயல். அத்தனை மெலிசான சத்தம், எறும்பு பாயில் நடக்கிற மாதிரி. கம்ப்ரசர் தூக்காமல் எந்தச் சென்மத்தில் கேட்டிருக்கும்? இத்தனை பாட்டில் இந்தக் கட்டைகளை வாசித்திருக்கிறார். அத்தனை பாட்டிலும் அடியில் ஒருவன் மென்றுகொண்டே இருந்திருக்கிறான். வாய்க்குள் புளிப்புச் சுரந்தது. விட்டுவிடு இஞ்ஞாசி, திருகை இறக்கு, எருமைக்குச் சேற்றைப் பூசி அனுப்பு. கை திருகுக்குப் போனது. இறக்கத்தான் போனது, ஆனால் பாருங்கள், ஏற்றிவிட்டது.

அடுத்த கட்டை. மெல்லுகிற சத்தம், நடுவே ஒரு முணுமுணுப்பு. பேச்சு! டிஸ்டார்ஷன் அதைக் கொதிக்கிற எண்ணெயில் போட்ட அப்பளமாகப் பொரித்துவிட்டது, என்னவென்று தெரியவில்லை. டிஸ்டார்ஷனைக் கொஞ்சம் இறக்கினார். அழுக்காக்க உட்கார்ந்த மனிதர் கழுவ ஆரம்பித்தார். இன்னும் இறக்கினார், அடியோடு அணைத்தார், கம்ப்ரசரை மட்டும் கழுத்து வரைக்கும் ஏற்றினார். இப்போது அந்தக் கட்டையை அழுத்தினால் தொம் என்று ஒரு சுரம், அதன் வாலில் தணிகையின் குரல், காதுக்குள் எச்சில் தெறிக்கிற கிட்டத்தில்: “…அண்ணன் வாசிச்சத நான் வைக்கிறதே இல்ல அண்ணி.” வைக்கிறதே இல்லை என்றால்? எதை, எங்கே? வாயில் இருந்ததை மென்று முடிக்கிறான், சப், முடிந்தது, சுரம் செத்தது. அடுத்த கட்டையில் மீதி இருக்கும். ஏனென்றால் அவர் அங்கே ஒரு கட்டை முடிந்து அடுத்த கட்டைக்குப் போய்க்கொண்டிருந்தபோது இவர்கள் இங்கே ஒரு பேச்சு முடிந்து அடுத்த பேச்சுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பேச்சு முழுக்கக் கட்டை கட்டையாக வரிசையாக விரலடியில் கிடக்கிறது. ஏணிப்படி மாதிரி ஏறினால் போதும். ஏறாதே. சுவரில் காதை வைத்துக் கேட்கிறவன் பல்லி, உன் அப்பன் ஒருநாளும் செய்யாத வேலை. சொந்தப் பெண்டாட்டி பேசியதை ஒட்டுக்கேட்க மாதா கோயில் பியானோவா? மாதா மன்னிக்கட்டும், விரல் ஏறிவிட்டது. லூர்துவின் குரல்: “எத்தன நாளா தம்பி?” சுரத்தின் நடுவில் அவள் குரல், சுரத்தைவிடப் பெரிதாக. அடுத்தது கருப்புக்கட்டை, தணிகை: “அந்தப் படகுப் பாட்டுலேர்ந்துதான். அண்ணனுக்குத் தாளம் நிக்காது அண்ணி, விரல் முன்னாடி ஓடும். நான் அதை அழிச்சிட்டு நானே உக்காந்து வாசிச்சு வச்சிருவேன்.”

கையை எடுக்கவில்லை. சுரம் செத்து, கோயில் காற்றும் செத்து, வெறும் இரைச்சல் மட்டும் நிற்கிறது, மணல் கொட்டுகிற மாதிரி. படகுப் பாட்டு. மழை ஓட்டின் மேல். இல்லை, பொய் சொல்கிறான், பொம்பளை முன்னால் பெருமை அடிக்கிறான். தான் அடிக்காத பெருமையா? ஆனால் பெருமை அடிக்கிறவன் குரல் இப்படி இருக்காது. அந்தக் குரல் அவருக்கு நன்றாகத் தெரியும், ஆயுசு முழுக்க வைத்திருக்கிறார். இது சோற்றுக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல். அப்படியானால் கவ்விக்கிடும், கவ்விக்கிடும் என்று டீக்கடையில் விரலை மடக்கிக் காட்டினாரே, கவ்வியது கம்ப்ரசர் இல்லை, தணிகை. தாளத்தை இறுக்குகிற கம்ப்ரசர் உலகத்தில் எங்கேயும் இல்லை. இதைச் சின்னப் பிள்ளை சொல்லுமே, ஏன் ஒருத்தனும் மறுத்துச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால்? டீக்கடையில் இருந்த வயலின்காரன், தபலாக்காரன், அத்தனை பேருக்கும் தெரிந்திருக்குமோ, தெரிந்துதான் இன்னொரு டீ சொல்லி இன்னொரு கதை கேட்டார்களோ? அவர் சொன்ன மெதுவடைக் கதைக்குச் சிரித்தார்களா, இதற்கா? தன் விரல்களைப் பார்த்தார். பத்தும் கட்டைகளின் மேல் படுத்திருந்தன, மீன்கடைப் பலகையில் இறால் மாதிரி, வெளுத்து, வளைந்து, ஈரமாக. தொட அருவருப்பாக இருந்தது, ஆனால் விரலைத் தொடாமல் விரலோடு எப்படி இருப்பது? அடுத்த கட்டையை அந்த இறாலில் ஒன்று அழுத்தியது. “…பஸ்ல கேட்டாருண்ணா, ‘எப்படிடா தணிகை நம்ம விரலு’ன்னு என் தோள்லயே தட்டுவாரு. நானும் ‘உங்களுக்கென்னண்ணே’ம்பேன். எனக்கு மொத மொத சோறு போட்ட மனுசன் அண்ணி. எப்படிச் சொல்றது?” அதற்கடுத்த கட்டையில் லூர்து சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்குகிற சிரிப்பு, அவருக்கு ரொம்பப் பழக்கமான சிரிப்பு, பூசை நடுவே சாமியார் தும்மினால் வருகிற சிரிப்பு. அடக்கி அடக்கி அவள் விட்ட அந்தத் துளிச் சிரிப்பை கம்ப்ரசர் காலரைப் பிடித்துத் தூக்கிக் கோயில் மணி அளவுக்கு அடித்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “அவியளுக்குத் தெரிஞ்சிர வேண்டாம் தம்பி. செத்தே போயிருவாவ. இன்னும் கொஞ்சம் போட்டுக்கிடுங்க, சோறு கெடக்கு.” சப் சப். அந்த நேரம் அவர், கோட்டுப் போட்டவர் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, புறா எச்சத்துக்கு முன்னால், சபையே கேட்கிறது என்கிற நினைப்பில், ஒவ்வொரு கட்டையையும் எவ்வளவு அழகாக அழுத்திக்கொண்டிருந்திருப்பார்! அந்த முதுகை இப்போது அவரே மனசுக்குள் பின் பெஞ்சிலிருந்து பார்த்தார். உவ்வே.

தோளில் ஏதோ பட்டதும் துள்ளி விழுந்தார். லூர்துதான். ஹெட்போனை அவளே ஒரு பக்கம் விலக்கினாள். “தொண்ட தண்ணி வத்தக் கூப்புடுதேன். சாப்பிட வாறியளா, இல்ல அந்தப் பொட்டிக்கே ஊட்டி விடட்டா?” அவளோடு நெத்திலிக் கருவாட்டு வாடையும் உள்ளே வந்தது, மற்ற நாளாக இருந்தால் நாக்கில் தண்ணீர் ஊறும், இன்று மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் வாயைப் பார்த்தார். சின்ன வாய், ஓரத்தில் ஒரு மச்சம். இந்த வாய்தான். “என்னத்துக்கு மூஞ்சிய இப்டி வச்சிருக்கிய, பல்லி விழுந்த பாலக் குடிச்ச மாதிரி?” என்றாள். கேட்டுவிடலாம். கட்டையை அழுத்தினால் போதும், ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டால் போதும். தன் சிரிப்பைத் தானே கேட்பாள். அப்புறம்? அழுவாள். அழுதுகொண்டே உங்கள் மனசு நோகக் கூடாது என்றுதான் என்பாள், அவளுக்கு இவர் ஆறுதல் சொல்ல வேண்டிவரும், கருவாடு ஆறிப்போகும், அதற்குப் பிறகு இந்த வீட்டில் இரண்டு பேரும் எதைப் பேசினாலும் அடியில் அந்தச் சிரிப்புக் கேட்கும். வாயைத் திறந்தார். வந்தது வேறு. “லூர்து, நான் நல்லா வாசிக்கேனா?” அவள் கண் ஒரு கணம், ஒரே கணம், சன்னலுக்குப் போய்த் திரும்பியது. “உங்களுக்கென்ன! படகுப் பாட்டு வாசிச்ச கை. வேற எவன் இருக்கான்?” எவ்வளவு வழவழப்பாக வந்தது, எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி. எத்தனை தரம் திறந்து மூடினால் இந்த வழவழப்பு வரும்? அவர் சொன்ன புளுகெல்லாம் கரடுமுரடு, இவளிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும். அவள் அவர் காது மடலில் ஒட்டியிருந்த கருப்புப் பொருக்கை எடுத்துத் தன் சேலையில் துடைத்தாள். கோபப்படக்கூட இடம் வைக்காத இந்த அன்பு, பாகு மாதிரி, தொட்ட இடமெல்லாம் ஒட்டுகிற அன்பு. “போ, வாறேன்,” என்றார்.

அவள் போவதற்குள் செல்பேசி அடித்தது. தணிகை. “அண்ணே, பியானோ எப்பண்ணே வருது? விதுரன் சார் சாயங்காலம் வந்து உக்காந்துருவாரு. அழுக்கு நல்லா ஏறுச்சா?” பின்னணியில் என்னவோ மென்றுகொண்டிருந்தான். “ஏறிட்டுடே,” என்றார் இஞ்ஞாசி. “இவ்ளோ ஏறும்னு நானே நினைக்கல.” “உங்களுக்கென்னண்ணே!” என்று வைத்துவிட்டான். திரையைப் பார்த்தார். என்ன வாசித்தாலும் அழிக்கப் போகிறான். நன்றாக வாசித்தால்? இன்றைக்கு, இந்த வயிற்றெரிச்சலோடு, ஆயுசில் ஒரு தரம் தாளம் பிசகாமல் வாசித்தால்? கேட்டால்தானே தெரியும் அவனுக்கு. கேட்பானா? முதலில் ஒரு காலத்தில் கேட்டிருப்பான், பாவம், காது வலிக்க வலிக்க. அப்புறம் ஏன் கேட்கப் போகிறான்? கேட்காமலே அழிக்கிறானா? அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது, பல்லிடுக்கில் மாட்டியதை நாக்கு தேடிப் போகிற மாதிரி, ருசிக்காக இல்லை, விட முடியாமல். ஒரு கட்டையையும் தொடவில்லை. பாட்டின் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, ஒரு சுரமும் இல்லாத, வெறும் மௌனத்தை, டிஸ்டார்ஷன் வழியாகவும் கம்ப்ரசர் வழியாகவும் ஓடவிட்டு, இஞ்ஞாசி பியானோ என்று பேர் போட்டு ஒரு ட்ராக்காக இறக்கினார். நீளம் சரியாக இருந்தது. மௌனத்தை எத்தனை முறுக்கினாலும் மௌனமாகவேதான் இருந்தது, எருமையும் இல்லை, சேறும் இல்லை. அனுப்பினார். இப்போது கூப்பிடுவான், அண்ணே, ஒண்ணும் வரலியே, காலியா இருக்கேம்பான். காலியா இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டானென்றால் போதும். அவன் கேட்டிருக்கிறான் என்று அர்த்தம். அழிக்கிறதுக்கு முன்னால் ஒரு தரமாவது இத்தனை நாளும் கேட்டிருக்கிறான் என்று அர்த்தம். அதற்கு மேல் வேண்டாம். சொல்லுடா. காலின்னு சொல்லு.

சாப்பிட உட்கார்ந்தபோது செல்பேசி சிணுங்கியது. குரல் செய்தி. எச்சில் கையோடு இடது விரலால் தட்டினார். கூடம் முழுக்கக் கேட்டது: “அண்ணே! பின்னி எடுத்துட்டீங்கண்ணே! ரெண்டாவது சரணத்துல அப்படியே கீழ எறங்கி, ஒரு மூச்சு நிப்பாட்டி, மேல வந்தீங்க பாருங்க, உடம்பு சிலிர்த்துருச்சு. நான் ஒரு எடத்துலயும் கை வைக்கல. அப்படியே வச்சுக்கிட்டேன்ணே.” லூர்து குழம்பை ஊற்றிக்கொண்டே, “பாத்தியளா, நான் என்ன சொன்னேன்?” என்றாள். இஞ்ஞாசிக்கு நெஞ்சில் கதகதவென்று ஒன்று பரவியது. புத்தி எழுந்து உட்காருவதற்குள் அது தோள் வரைக்கும் போய்விட்டது. முதுகு தானாக நிமிர்ந்தது, தலை தானாக ஆடியது, ஆமாம், அந்த ரெண்டாவது சரணம் நல்லாத்தான் வந்திருந்தது, அந்த மூச்சு நிப்பாட்டினது இவனுக்குப் பிடிபட்டிருக்கிறதே என்று உள்ளே ஒருவன் சந்தோஷப்பட்டான். அப்புறம்தான் குமட்டல் வந்தது, அடிவயிற்றிலிருந்து, இதுவரை வந்ததெல்லாம் ஒத்திகை என்கிற மாதிரி. வாயில் வைத்த சோற்றை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கன்னத்தில் அதக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். லூர்து தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அவள் போய்விட்டாளா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து, செல்பேசியைக் காதோடு வைத்து, அந்தச் செய்தியை முதலிலிருந்து மறுபடி போட்டுக் கேட்டார்.